நாப்பத்தியோரு தப்பு

அந்தப் பக்கத்தைத்தானே பாக்கறீங்க தம்பி? 'நம்ம வண்டி எப்ப வரும்'? சித்த காட்டுங்க. ஆமா, அதேதான். மேல பச்சைப் பட்டை, கீழ ஊரு ஊரா நேரம். பாருங்க, பாருங்க. நல்ல வெப்சைட்டுங்க. இந்தத் தாலூக்காவுல ரோடு பிரியற எந்தப் பிரிவுல போயி நின்னாலும் எந்த வண்டி எத்தன மணிக்கு வரும்னு அதுல போட்டிருக்குது.

அதுல நாப்பத்தியோரு தப்பு இருந்துச்சு. கண்டுபிடிச்சது நானுங்க.

இப்புடி நெழலுக்கு வாங்க. வண்டி வர இன்னும் நேரம் கெடக்குது. உங்க போன்ல நாலு நாப்பத்தாறுன்னு போட்டிருக்குதா? போட்டிருக்கும். நான் நாலு நாப்பதுன்னு சொல்றேன். அந்த ஆறு நிமிசத்துக்குத்தான் நான் டவுன்ல இருந்து இவ்வளவு தூரம் வந்து இந்தக் கள்ளிக்காட்டுப் பிரிவுல நின்னுட்டிருக்கேன். சொன்னா சிரிப்பீங்க. பரவால்ல, சிரிங்க, வண்டி வர்ற வரைக்கும் பொழுது போகோணுமே.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. முப்பத்திநாலு வருசம் டவுன் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். வண்டி உள்ள வந்தா நோட்டுல எழுதோணும், நேரமாச்சுன்னா விசிலடிச்சு வெளிய தாட்டோணும், ரெண்டு வண்டிக்காரனுக சட்டையப் புடிச்சா நடுவுல போயி நிக்கோணும். கண்ணாடி ரூம்புக்குள்ள உக்காந்துட்டு மைக்குல பேசறது நாந்தான். நீங்க கேட்டிருப்பீங்க. கேக்காம இருந்திருக்க முடியாது, தளி ரோடு வரைக்கும் கேக்கும்பாங்க.

ரிட்டையர் ஆகி நாலு வருசம் ஆச்சு. ஆனா போன் நிக்கலீங்க. "முத்தண்ணா, பழனிக்குக் கடைசி வண்டி எப்ப?" "முத்தண்ணா, கணியூருக்கு மத்தியானத்துல வண்டி இருக்குதா?" சோத்துல கைய வெச்சா போன், வேட்டி மாத்தினா போன். என்ற சம்சாரம் மயிலாத்தா கேப்பா, "உங்களை ரிட்டையர் பண்ணினாங்களா, இல்ல ஆபீசையே ஊட்டுக்கு மாத்திப்போட்டாங்களா?"ன்னு. தொந்தரவுதானுங்க. நெம்பத் தொந்தரவு. ஒரு நாளைக்கு இருவது போன் வந்தா மனுசன் என்ன பண்றது? நான் எண்ணியெல்லாம் பாக்கலீங்க. இருவத்திரெண்டு. ஞாயித்துக்கெழமைன்னா இருவத்தியேழு.

போன வருசம் ஆவணில அந்தப் போன் கொறைய ஆரம்பிச்சுது. பதினஞ்சாச்சு, எட்டாச்சு, ஐப்பசில நாளைக்கு ஒண்ணு. அதுவும் ராங் நம்பர். சரி, போன்தான் கெட்டுப்போச்சுன்னு ரிப்பேர்க் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரன் என்ற முன்னாலயே அதுக்கு ஒரு போன் போட்டான், மணி கணீர்னு அடிச்சுது. "போன் நல்லாத்தான் இருக்குதுங்ணா. ஆரும் உங்களைக் கூப்புடறதில்ல, அவ்வளவுதான்"ங்கறான். வாய்க் கொழுப்பு.

அந்த வாரத்துலதான் எதுத்த ஊட்டு தெய்வசிகாமணி குடையும் கையுமாக் கெளம்பி நின்னான். எங்கப்பான்னு கேட்டேன். "கொழுமத்துக்குங்ணா. பத்தேகாலுக்கு வண்டி." என்னைக் கேக்கவே இல்லையே, எப்புடித் தெரியும்னேன். "இதுல போட்டிருக்குதுங்ணா"ன்னு போனை நீட்டறான். நீங்க வெச்சிருக்கீங்களே, இந்தப் பச்சைப் பட்டை. முப்பது வருசம் எதுத்த ஊட்டுல இருக்கறவன். கதவைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டாப் போதும். போன்ல பாக்கறான்.

பொறாமையெல்லாம் இல்லீங்க தம்பி. அதை மட்டும் தெளிவாச் சொல்லிப்போடறேன். கவர்மெண்டே நடத்தினாலும் தப்புன்னா தப்புதான். நான் எட்டு நாளு உக்காந்து அந்தப் பக்கத்தை வரி வரியாப் படிச்சேன். என்ற கையெழுத்துல பழைய ரிஜிஸ்டரோட நகல் இருக்குது, அதை எடுத்து ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்தேன். சும்மா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. தனியார் வண்டி ஒண்ணு, காலைல ஆறு அஞ்சுக்கு ஸ்டாண்டுல கெளம்பும். வேலம்பாறைப் பிரிவுக்கு ஓட்ட நேரம் இருவத்தஞ்சு நிமிசம்னு ரிஜிஸ்டர்ல இருக்குது. கூட்டினா ஆறு முப்பது. சின்னப் புள்ளை கூட்டினாலும் ஆறு முப்பதுதான். இவங்க ஆறு இருவத்திநாலுன்னு போட்டிருக்காங்க. அந்த ஆறு நிமிசம் எங்க போச்சு? ஆத்துல போச்சா?

இப்புடி நாப்பத்தியொண்ணு.

அடுத்தவங்க தப்பைச் சொல்றதுக்குன்னு ஒரு மொறை இருக்குதுங்க. அது எல்லாருக்கும் வராது. முப்பத்திநாலு வருசத்துல ஒரு கண்டக்டரை ஒரு நாளாச்சும் நான் பாசஞ்சர் முன்னால கூப்புட்டுத் திட்டினதில்ல. மைக்குலதான் சொல்லுவேன். அதுலயும் ஆளு பேரைச் சொல்லமாட்டேன், வண்டி நம்பரை மட்டுந்தான் சொல்லுவேன். மனுசனுக்கு மனுசன் அந்த மரியாதை வேணுமுங்க.

அதே மரியாதையோடதான் இதையும் எழுதினனுங்க. பக்கத்துக்குக் கீழ 'தவறு இருந்தால் தெரிவிக்கவும்'னு ஒரு கட்டம் இருக்குது பாருங்க, எல்லாரும் படிக்கற மாதிரி. மெயில் அட்ரசும் ஓரத்துல இருந்துச்சு. ஆனா தனியா எழுதினா மறைக்கற மாதிரி ஆயிருமேன்னு கட்டத்துலயே எழுதினேன். முதல்ல வணக்கம். அப்பறம் 'தவறுகள்'னு தலைப்பு. ஒண்ணுல இருந்து நாப்பத்தியொண்ணு வரைக்கும். கடைசில 'தெரியாத வேலையில் இறங்குவதற்கு முன் தெரிந்தவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது'ன்னு ஒரு வரி. ந. நாச்சிமுத்து, ஓய்வு பெற்ற டைம் கீப்பர், முப்பத்திநாலு ஆண்டுகள். போன் நம்பர்.

மயிலாத்தாகிட்டப் படிச்சுக் காட்டினேன். அவ வெங்காயம் உரிச்சுட்டிருந்தா. கேட்டுப்போட்டு, "ஏனுங்க, ஒறம்பரைக்குப் போன ஊட்டுல சாப்புடறப்ப சாம்பார்ல உப்பில்லீனா என்ன பண்ணுவீங்க? எலைக்கு ஒரு கல்லு உப்பு கேட்டு வாங்கிக்குவீங்களா, இல்ல பந்தியில எந்திரிச்சு நின்னுட்டுக் கத்துவீங்களா?"ங்கறா.

ஒரு சாம்பார்னா உப்புக் கேக்கலாம் மயிலாத்தா, இது நாப்பத்தியோரு சாம்பார்னேன். அவ அடுத்த வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பிச்சுட்டா. ஒத்துக்கிட்டான்னுதானே அர்த்தம்.

அந்தப் பக்கத்தை நடத்தறது ஆருன்னு அப்ப எனக்குத் தெரியாதுங்க. கோயமுத்தூர்ல ஏசி ரூம்புல உக்காந்துட்டு கண்ணாடி போட்ட பையன் எவனோ பண்றான்னு நெனச்சேன். சண்டைக்கு வருவான், வரட்டும், ரிஜிஸ்டரைத் தூக்கி மூஞ்சில வீசலாம்னு காத்துட்டிருந்தேன். ரெண்டே நாளு. பதில் வந்துச்சு. 'வணக்கம் ஐயா. பொறுமையாகப் படித்து எழுதியதற்கு மிக்க நன்றி. எல்லாவற்றையும் திருத்திவிட்டேன்.' பாத்தா, நாப்பத்தியொண்ணையும் மாத்தியிருக்குது! ஒரு எதிர்வார்த்தை இல்ல.

எனக்கு என்னமோ மாதிரி ஆயிப்போச்சுங்க. செயிச்சுட்டோம்தான். ஆனா பந்து போடறதுக்கு முன்னாலயே எதுத்த டீமு ஊட்டுக்குப் போயிட்டா எப்புடி இருக்கும்? போனும் வரல. எல்லாத்தையும் நான் திருத்திக் குடுத்த பக்கத்தைத்தான் சனம் பாக்குது, ஆனா முத்தண்ணாவை ஆரும் கேக்கறதில்ல.

அதனால மறுபடியும் எழுதினனுங்க. பச்சைப் பட்டை கண்ணைக் குத்துதுன்னேன். நன்றி ஐயா, கொஞ்சம் குறைத்துவிட்டேன்னு பதில். 'எப்ப வரும்'னு பேரு வெச்சிருக்கீங்களே, வரும்னு எப்புடி அடிச்சுச் சொல்லலாம், பஞ்சர் ஆனா எப்புடி வரும்னேன். அதுக்கும் நன்றி. கீழ வேற சில பேரு எழுத ஆரம்பிச்சாங்க. 'ஐயாவுக்கு வீட்டில் வேறு வேலை இல்லையா?'ன்னு ஒருத்தர். அக்கறையா விசாரிக்கறாரு பாவம்னு, 'இல்லை, ஓய்வு பெற்றுவிட்டேன்'னு பதில் போட்டேன். அதுக்கு முப்பது பேரு கைதட்டற படம் போட்டிருந்தாங்க. நல்ல சனம்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். தை மாசம் என்ற தங்கச்சி பொண்ணுக்குக் கல்யாணம். எனக்கு ஒரே தங்கச்சி, அவளுக்கு ஒரே பொண்ணு. நான் ஒரே தாய்மாமன். எங்க பக்கம் எப்புடின்னா, மாமன் கொண்டுவர்ற சேலையும் மாலையும் பொண்ணுக்குப் போட்டாத்தான் மணவறைக்கே கூட்டிட்டு வருவாங்க. மாமன் வரலீனா மத்தவங்க எல்லாரும் வந்தும் வராத மாதிரிதான். ஏழரைக்கு மொகூர்த்தம், ஆத்துப்பாளையம் கோயில் மண்டபத்துல.

ஊட்டுல எல்லாரும் மொதல் நாளே போயிட்டாங்க. மாலை மட்டும் வேலம்பாறைல பூக்கட்டறவர் ஒருத்தர்கிட்டச் சொல்லி வெச்சிருந்தேன். சம்பங்கியும் ரோசாவும் வெச்சு அவரு கட்டினா ரெண்டு நாளைக்கு வாடாது. அதை வெடியால மொத வண்டிக்கு நான் போயி வாங்கிட்டு வர்றதுன்னு பேச்சு. மச்சினன் காரு அனுப்பறேன்னு சொன்னான். வேண்டாம்னுட்டேன். ஆறு முப்பதுக்குப் பிரிவுல வண்டி, ஏழு மணிக்கெல்லாம் மண்டபத்துல இருப்பேன்னேன். "வண்டி வரலீனா?"ன்னு கேக்கறான். கேக்கற ஆளைப் பாருங்க! முப்பத்திநாலு வருசம். "மாப்பிள்ளை, உலகத்துல எதை வேணா சந்தேகப்படு. இந்த நேரத்தை நானே திருத்திப் போட்டிருக்கேன்"னேன்.

பூக்கட்டறவர் பைக்குல கொண்டாந்து பிரிவுல எறக்கி உட்டுட்டுப் போயிட்டாரு. ஒரு கையில சேலைத் தட்டு, ஒரு கையில தாமரை எலையில சுத்தின மாலை. மணி பாத்தேன், ஆறு இருவத்தியேழு. மூணு நிமிசம் முன்னால வந்திருக்கேன். சரியான ஆளுன்னா இப்புடித்தான்னு நெனச்சுட்டு நிக்கறேன். ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல.

ஆறு முப்பதாச்சு. ஆறு முப்பத்தஞ்சாச்சு. எதுத்தாப்புல ஒரு தையல் கடை. வாசல் தெளிச்சுட்டிருந்த அம்மிணி என்னையே பாத்துட்டிருந்தா. முப்பத்தஞ்சு, நாப்பது வயசு இருக்கும். "ஏனுங்ணா, ஆத்துப்பாளையம் வண்டிக்கா? அது போயிருச்சுங்களே"ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அதெப்புடி அம்மிணி போகும், ஆறு முப்பதுக்குத்தானே வரும், பக்கத்துலயே போட்டிருக்குதேன்னேன். அவ சங்கடமா நின்னா. அப்பறம் கடைச் சொவுத்தைக் காட்டினா. சாக்பீஸ்ல எழுதியிருக்குது. முந்தாநேத்து ஆறு இருவத்திநாலு. நேத்து ஆறு இருவத்தஞ்சு. இன்னிக்கு ஆறு இருவத்திநாலு. "வெடியால ரோடு காலியா இருக்குமுங்களா, அடிச்சுட்டு வந்துருவாங்க. பின்னால பழனி போற கவர்மெண்ட் வண்டி வர்றதுக்குள்ள ஆளுகளை ஏத்திக்கோணும்ல"ன்னா.

தம்பி, முப்பத்திநாலு வருசம் நான் வண்டிகளை வெளிய தாட்டினேன். வெளிய போன வண்டி எங்க, எப்ப போயி நிக்குதுன்னு ஒரு நாளும் போயிப் பாத்ததில்லீங்க. பிரிவுல நின்னு பஸ்சுக்குக் காத்திருந்தது அன்னிக்குத்தான் மொதல் தடவை. நான் ஏறினதெல்லாம் ஸ்டாண்டுக்குள்ளதான், அதுவும் டிரைவர் பக்கத்துச் சீட்டு.

ஆத்துப்பாளையத்துக்கு அடுத்த வண்டி ஏழு நாப்பதுக்கு. பொண்ணு உக்காந்து வாசலையே பாத்துட்டிருக்கும், தங்கச்சி அழுவா, சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னால மாமன் வரலீங்கற பேச்சு காலத்துக்கும் நிக்கும். போன் போட்டு மச்சினன்கிட்டக் காரு அனுப்புன்னு சொல்றதுக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அவன் கெளம்பி வந்து திரும்பறதுக்குள்ள மணி ஏழரையாயிரும், அது வேற.

அந்த நெலமையிலயும் நான் ஆருன்னு சொல்லோணும்ல. "நான் நாச்சிமுத்து. முப்பத்திநாலு வருசம் டைம் கீப்பரா இருந்தவன்"னேன். அந்த அம்மிணி கையில இருந்த சொம்பு அப்புடியே நின்னுச்சு. ஒரு நிமிசம் என்னையே பாத்தா. என்ற பேரு அந்தப் பக்கமெல்லாம் தெரிஞ்சிருக்குது பாருங்க. மரியாதைல அசந்துட்டா.

"அப்புடீங்களா. சித்த இருங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போனா. டிவிஎஸ் வண்டியத் தள்ளிட்டு வந்தா. "ஏறுங்க. பதினாலு கிலோமீட்டருதான்"ன்னா.

ஒரு கையில தட்டு, ஒரு கையில மாலை, இதுல எப்புடிங்க புடிச்சுட்டு உக்கார்றது? வண்டி ஒரு குழில எறங்கினா தட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடைசில அவளே, "மாலையக் கழுத்துல போட்டுக்குங்க, வேற வழியில்ல"ன்னா. போட்டுக்கிட்டேன். அறுவத்திரெண்டு வயசுல, கழுத்துல சம்பங்கி மாலை, மடியில பட்டுச்சேலைத் தட்டு, ஒரு பொம்பளைப்புள்ளை ஓட்டற மொபெட்டுல பின்னால உக்காந்து போறேன். ரோட்டோரம் டீக்கடைல இருந்தவங்க எந்திரிச்சு நின்னு கும்புட்டாங்க. எலெக்சன்ல செயிச்சுட்டேன்னு நெனச்சுட்டாங்களோ என்னமோ.

போற வழிலதான் பேச்சுக் குடுத்தேன். "அம்மிணி, சொவுத்துல எதுக்கு எழுதி வெக்கறே?" "அந்தப் பக்கத்தை நான்தானுங்க வெச்சிருக்கேன்"ங்கறா! எனக்குப் பொடனில அடிச்ச மாதிரி இருந்துச்சு. பேரு சம்பூரணம். "துணி தைக்கக் குடுக்க வர்றவங்க, வண்டி போயிருச்சா, வண்டி போயிருச்சான்னு கேட்டுட்டே இருப்பாங்க. நிமுந்து பதில் சொல்றப்பெல்லாம் ஊசி கையில ஏறும். அதான் பேப்பர்ல எழுதிக் கடைல ஒட்டினேன். நாத்தனார் பொண்ணு அதைப் பாத்துட்டு போன்ல வர்ற மாதிரி செஞ்சு குடுத்துச்சு. ஒவ்வொரு பிரிவுலயும் நம்ம தையல் கடைக்காரங்க, டீக்கடைக்காரங்க மூணு நாளு நின்னு பாத்துச் சொல்லுவாங்க. மூணு நாளும் ஒத்து வந்தாத்தான் போடுவேன்"ங்கறா.

அப்பறம் நீ ஏன் ஆறு முப்பதுன்னு மாத்தினேன்னு கேட்டேன். கேட்டிருக்கப்புடாது, கேட்டுட்டேன். "ஒரு பெரியவர் எழுதியிருந்தாருங்ணா. நெம்ப வருசம் இதே வேலைல இருந்தவராம். அவரு நாப்பத்தியொண்ணு தப்புன்னு சொன்னதும், நம்ம கண்ணுதான் பொய் சொல்லுதோன்னு நெனச்சுட்டேன். பெரியவங்க மெனக்கெட்டு எழுதறப்ப எடுத்தெறிஞ்சு பேச முடியுங்களா?"ன்னா. காத்துல முடி பறக்க, முன்னால ரோட்டைப் பாத்துட்டே சொல்றா.

அந்தப் பெரியவர் நான்தான்னு அவளுக்குத் தெரியலீங்க. நல்லவேளை! தெரிஞ்சிருந்தா எறக்கி உட்டிருப்பா. "அவருக்கு என்ன அவசரமோ"ன்னு மட்டும் சொன்னேன். "இருக்கட்டுங்ணா, ஆர்வத்துல சொல்லியிருப்பாரு"ன்னா. எனக்கு அந்த வார்த்தை சுருக்குன்னுச்சு. அவ என்ன திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்த ஆர்வத்தைத்தான் தாங்க முடியல.

ஏழு பத்துக்கு மண்டபம். வாசல்ல மயிலாத்தா நின்னுட்டிருந்தா. மாலையும் கழுத்துமா மொபெட்டுல எறங்கறவனை மேலயும் கீழயும் பாத்தா. "பொண்ணுக்கு மாலை வாங்கிட்டு வாங்கன்னா, மாப்பிள்ளையாட்டம் வர்றீங்களே"ன்னா. கல்யாண ஊடே சிரிச்சுச்சு. சிரிக்கட்டும். மாலையக் கழட்டி என்ற கையாலயே அந்தப் புள்ளை கழுத்துல போட்டேன். போட்டப்ப அழுதுட்டனுங்க. நேரத்துக்கு வந்த சந்தோசம்னு எல்லாரும் நெனச்சாங்க. சம்பூரணத்தைச் சாப்பிடாம உடலீங்க, மயிலாத்தா கையப் புடிச்சு பந்தியில உக்காத்தி வெச்சுட்டா. ரெண்டு பேரும் என்னமோ குசுகுசுன்னு பேசிப் பேசிச் சிரிச்சாங்க. பொம்பளைங்க பேச்சு நமக்கெதுக்கு.

மறுநாளு நான் ஒரு மெயில் எழுதினனுங்க. கட்டத்துல இல்ல, தனியா. எதுக்கு நாலு பேருக்குத் தெரியோணும்? 'வேலம்பாறைப் பிரிவு காலை வண்டி ஆறு முப்பது அல்ல, ஆறு இருபத்து நாலு. நானே நேரில் நின்று பார்த்தேன்' அப்புடின்னு எழுதினேன். பொய்யில்லீங்களே? நேர்ல நின்னேனா, நின்னேன். அந்த வண்டிக்காகத்தான் நின்னேன்னு ஆரு கேட்டா.

அன்னிக்குப் பொழுதோடயே பதில் வந்துச்சு. 'மிக்க நன்றி ஐயா. தங்களைப் போன்றவர்கள் நேரில் போய்ப் பார்ப்பது பெரிய உதவி. மீதி நாற்பதையும் இதேபோல் தாங்கள் பார்த்துச் சொல்லும் வரை பழைய நேரத்தையே போட்டு வைத்திருக்கலாமா?' எவ்வளவு நம்பிக்கை பாருங்க! நான் பாத்தாத்தான் சரின்னு சொல்லுது அந்தப் புள்ளை. மயிலாத்தாகிட்டக் காட்டினேன். படிச்சுட்டு முந்தானைய வாயில வெச்சு அமுக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. பெருமை தாங்கலபோல.

அதுல இருந்து இதே சோலிதானுங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு பிரிவு. குடை, நோட்டு, தண்ணி பாட்டல். உங்க போன்ல வேலம்பாறை போட்டுப் பாருங்க. நேரத்துக்குப் பக்கத்துல சின்னதா, 'நேரில் பார்த்துச் சொன்னவர்: ந. நாச்சிமுத்து'. இருக்குதா? இப்புடிப் பதினேழு எடத்துல இருக்குது. இப்பப் போனும் வருதுங்க. நேத்துக்கூட ஒருத்தரு, "ஐயா, அந்தப் பக்கத்துல இருக்கறது நீங்கதானுங்களா?"ன்னு. ஆமாங்கன்னேன்.

பதினேழுல எத்தனை நான் சொன்னது சரின்னு கேக்கறீங்களா? கேக்கமாட்டீங்கன்னு நெனச்சேன். ஒண்ணுமில்ல தம்பி. பதினேழும் அந்தப் புள்ளை போட்டதுதான் சரி. ஒரு எடத்துல டிரைவர் டீ குடிக்கறான், அதுக்கு ஏழு நிமிசம். ஒரு எடத்துல ரயில்வே கேட்டு. இதெல்லாம் ரிஜிஸ்டர்ல வராதுங்க. முப்பத்திநாலு வருசம் நான் எழுதினது வண்டி போகவேண்டிய நேரம். அவ எழுதறது வண்டி போற நேரம். ஆனா இன்னும் இருவத்திநாலு இருக்குதே, அதுல ஒண்ணாச்சும் நம்ம பக்கம் வராமயா போயிரும்? ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும்.

இருங்க. என்னங்க சத்தம் அது?

மணி பாருங்க. உங்க போன்ல பாருங்க, என்ற வாட்சை நம்பவேண்டாம். நாலு நாப்பது. நாலு நாப்பதுங்களா? அங்க வர்றது நம்ம வண்டிதானே? போர்டைப் படிங்க. தம்பி! நாலு நாப்பது! நான் சொன்னது! ரிஜிஸ்டர் நேரம்!

கண்டக்டர் தம்பி, ஒரு நிமிசம். இன்னிக்கு என்ன சீக்கிரமா வந்துட்டீங்க? டெய்லி இதே நேரமா? பாலம் வேலை முடிஞ்சுதா? எப்ப? போன வாரமா? ஓ, அது வரைக்கும் ஊரைச் சுத்திட்டு வந்தீங்களா. சரி சரி. சித்த நில்லுங்க, இவரு ஏறட்டும்.

அப்ப உறுதிதான். பதினெட்டாவது எடத்துல நான் சரி, பக்கம் தப்பு.

எப்புடிங்க எழுதறது இதை? 'தங்கள் பக்கத்தில் தவறு'ன்னா நல்லா இல்ல. 'நான் முன்னமே சொன்னபடி'ன்னா குத்திக் காட்டற மாதிரி இருக்கும். பாலத்து மேல பழியப் போட்டுரலாமா? 'பாலம் திறந்துவிட்டதால் வண்டி இப்போது கொஞ்சம் முன்னால் வருகிறது, நீங்கள் பார்த்தபோது நீங்கள் போட்டதுதான் சரி'. இது பரவால்லீங்களா? இருந்தாலும் ஒரே நாளு பாத்துட்டுச் சொல்றது மொறையில்ல. நாளைக்கும் நாளானைக்கும் வந்து பாத்துப்போடறேன். மூணு நாளும் ஒத்து வந்தா, எழுதக்கூட வேண்டாம், வேலம்பாறைக்கே போயி ஒரு சட்டை அளவு குடுத்துட்டுப் பேச்சோட பேச்சா சொல்லிக்கறேன்.

ஏறுங்க, ஏறுங்க. எடம் கெடக்குது, சன்னலோரம் போங்க. தம்பி, ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பக்கத்துக்குக் கீழ எழுதற கட்டம் இருக்குதே, தயவு பண்ணி அதுல இதை எழுதிப்போடாதீங்க. நாலு பேரு படிப்பாங்க. அந்தப் புள்ளை மனசு சங்கடப்படும்.